பழைய கேரவனில் பழுது: வாரண்டி யார் கையில்? சட்டம் சொல்வது என்ன?

பீர்மேடு: கேரளத்தின் முதல் கேரவன் பூங்கா, இடுக்கி மாவட்டம் பீர்மேடு வட்டத்தில் உள்ள வாகமணில் 2022 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு மாநில அரசு அறிவித்த கேரவன் சுற்றுலாக் கொள்கை, வண்டி வாங்க முன்வரும் முதல் 100 பேருக்கு 7.5 லட்சம் ரூபாய் அல்லது முதலீட்டில் 15 விழுக்காடு, இவற்றில் எது குறைவோ அதை மானியமாக அறிவித்தது. அடுத்த 100 பேருக்கு 5 லட்சம் அல்லது 10 விழுக்காடு, அதற்கும் அடுத்த 100 பேருக்கு 2.5 லட்சம் அல்லது 5 விழுக்காடு என்று தொகை படிப்படியாகக் குறைந்தது. குறைந்தது 50 சென்ட் நிலமும் ஐந்து வண்டிகள் நிற்கும் இடமும் இருந்தால் பூங்கா அமைக்கலாம் என்றும் கொள்கை கூறியது.

மானியமும் அறிவிப்புகளும் புதிய வண்டிகளைப் பற்றியவை. ஆனால் எந்த வாகனமும் சில ஆண்டுகளில் கைமாறும். கேரவன் கைமாறும்போது எழும் சிக்கல், கார் கைமாறும்போது எழுவதைவிடப் பெரியது. வாங்கிய முதல் மழைக்காலத்திலேயே கூரை ஒழுகினாலோ, மலைப்பாதை இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனாலோ யாரிடம் கேட்பது? விற்றவரிடமா, சேசிஸ் தயாரித்த நிறுவனத்திடமா, கூண்டு கட்டிய பட்டறையிடமா? இந்தக் கேள்விக்கு இந்தியச் சட்டத்தில் விடை உண்டு. அந்த விடை ஒரே சட்டத்தில், ஒரே பிரிவில் கிடைப்பதில்லை என்பதுதான் பழைய கேரவன் வாங்குவோரின் தொல்லை.

கேரவன் என்றால் எது?

தமிழ் வாசகர்களுக்குக் கேரவன் என்றதும் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் குளிரூட்டப்பட்ட வண்டியே முதலில் நினைவுக்கு வரும். அது சொந்த எஞ்சினில் ஓடும் மோட்டார் கேரவன். இந்தியாவில் சுற்றுலாவுக்கு ஓடுபவற்றிலும் பெரும்பாலானவை இவ்வகையே. மற்றொரு வகை, கார் அல்லது ஜீப்பின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லப்படும் இழுவைக் கேரவன். அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் இது பரவலாகப் புழங்குகிறது. இந்தியாவில் அரிது.

இழுவைக் கேரவனுக்கு எஞ்சின் இல்லை என்பதால் அது வாகனமே அல்ல என்று சிலர் எண்ணுகின்றனர். அது தவறு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, மோட்டார் வாகனம் என்ற சொல்லுக்குள் டிரெய்லரையும் சேர்த்தே வரையறுக்கிறது. டிராக்டருக்குப் பின்னால் ஓடும் டிரெய்லருக்குப் பதிவு எண் இருப்பதைப் போலவே, இழுவைக் கேரவனுக்கும் தனிப் பதிவு தேவை. பதிவே இல்லாத கேரவனை வாங்கியவர், பழுது குறித்து வழக்காடுவதற்கு முன் அதை எப்படிச் சாலையில் ஓட்டினார் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஒரு வண்டி, பல வாரண்டி

காருக்கு வாரண்டி தருவது பொதுவாக ஒரே நிறுவனம். கேரவனின் நிலை வேறு. சேசிஸும் எஞ்சினும் ஒரு நிறுவனத்தினுடையவை. அதன் மேல் கூண்டு கட்டுவது மற்றொரு பட்டறை. கரூரில் பேருந்துகளுக்குக் கூண்டு கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பிரிவினை புதிதல்ல. உள்ளே உள்ள ஏசி, குளிர்பதனப் பெட்டி, இன்வெர்ட்டர், பேட்டரி, தண்ணீர் மோட்டார் ஆகிய ஒவ்வொன்றுக்கும் அதனதன் தயாரிப்பாளர் தனி வாரண்டி அட்டை தருகிறார். காலமும் வெவ்வேறு, நிபந்தனையும் வெவ்வேறு.

எனவே 'வண்டிக்கு இன்னும் ஓராண்டு வாரண்டி இருக்கிறது' என்று விற்பவர் கூறும்போது, அது எதன் வாரண்டி என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். சேசிஸ் நிறுவனத்தின் வாரண்டி, பிறர் கட்டிய கூண்டைப் பொதுவாக உள்ளடக்குவதில்லை. கூண்டு கட்டியவரின் வாரண்டி, பலகையும் கூரையும் பற்றியதாக இருக்குமே தவிர ஏசியைப் பற்றியதாக இராது. இரண்டாம் உரிமையாளருக்கு அந்த வாரண்டி மாறுமா என்பது அடுத்த கேள்வி. சில வாரண்டிகள் வண்டியைத் தொடர்ந்து செல்கின்றன. சில, முதலில் வாங்கியவருக்கு மட்டுமே உரியவை என்று அட்டையிலேயே அச்சிடப்பட்டிருக்கும். மேலும் சில, உரிமை மாற்றத்தைக் குறிப்பிட்ட நாளுக்குள் எழுத்தில் தெரிவித்தால்தான் மாறும். ஆர்.சி.யில் பெயர் மாறியதும் வாரண்டியும் தானாக மாறிவிட்டது என்று கருதுவது பலர் செய்யும் பிழை.

பழுதுகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பது இந்தப் பிரிவினையை மேலும் சிக்கலாக்குகிறது. டயர் ஒருபுறம் மட்டும் தேய்கிறது என்று வைத்துக்கொள்வோம். டயர் தேய்மானப் பொருள், வாரண்டியில் இல்லை என்று நிறுவனம் சொல்லும். அச்சு வளைந்திருப்பதால்தான் டயர் தேய்கிறது என்றால், அச்சு வாரண்டிக்குள் வரும். குளிர்பதனப் பெட்டி நின்றால் அதன் தயாரிப்பாளர் மின்னிணைப்பைக் குறை கூறுவார். மின்னிணைப்பு கொடுத்த பட்டறை, பெட்டியைக் குறை கூறும். காரணத்தை நிறுவாமல் விளைவை மட்டும் காட்டி வாரண்டி கேட்பவர் ஒவ்வொரு வாசலிலும் திருப்பி அனுப்பப்படுவார்.

மழையும் கசிவும்

பீர்மேடு, குட்டிக்கானம், ஏலப்பாறை, வாகமண் பகுதிகளில் ஜூன் மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை மாதக்கணக்கில் நீடிக்கும். வடகிழக்குப் பருவமழையும் இப்பகுதியை விட்டுவைப்பதில்லை. கேரவனுக்கு இதைவிடக் கடினமான சோதனை வேறில்லை. கூரையும் சுவரும் சேரும் இணைப்புகள், சன்னல் ஓரங்கள், ஏசி பொருத்துவதற்காகக் கூரையில் வெட்டிய திறப்பு ஆகிய இடங்களில் பூசப்படும் சீலன்ட் பசை வெயிலிலும் அதிர்விலும் வெடிக்கிறது. உள்ளே இறங்கும் நீர் முதலில் கண்ணுக்குத் தெரிவதில்லை. பிளைவுட் பலகை உறிஞ்சிக்கொள்கிறது. சுவரில் கறை தோன்றும்போது உள்ளே சட்டம் உளுத்திருக்கும்.

கேரவன் வழக்குகளில் நீர்க்கசிவு தனி இடம் பெறுவதற்கு இதுவே காரணம். பிரிட்டனில் கேரவன் தயாரிப்பாளர்கள் நீர்க்கசிவுக்கென்றே நீண்டகால வாரண்டி தருகின்றனர். ஆனால் ஆண்டுதோறும் ஈரப்பதச் சோதனை செய்து பதிவேட்டில் முத்திரை பெற வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. ஓராண்டு தவறினாலும் வாரண்டி முடிந்துவிடலாம். அந்தத் தவறைச் செய்தது முந்தைய உரிமையாளராக இருந்தாலும், அதன் விலையைக் கொடுப்பது இப்போதைய உரிமையாளர். ஆகையால் பழைய கேரவன் வாங்கும்போது வண்டியின் வெளித்தோற்றத்தைவிடப் பராமரிப்புப் பதிவேடே மதிப்புமிக்கது. பதிவேடு தொலைந்துவிட்டது என்று விற்பவர் சொன்னால், வாரண்டியும் தொலைந்துவிட்டது என்றே கொள்வது பாதுகாப்பானது.

இந்தியாவில் பட்டறைகள் தரும் ஓரிரு பக்க வாரண்டிகளில் நீர்க்கசிவு பற்றிய வாசகமே இல்லாமல் இருக்கலாம். அப்போது வழக்கு, 'வேலைப்பாட்டுக் குறை' என்ற பொதுச் சொல்லின் மீது நடக்கும். கசிவு கட்டுமானக் குறையா, பராமரிப்பின்மையா என்பதை நிபுணர்தான் சொல்ல முடியும்.

விற்றவர் யார் என்பதே அடிப்படை

பழைய வண்டியை இருவரிடம் வாங்கலாம்: வணிகரிடம் அல்லது தனியாரிடம். சட்டத்தின் பார்வையில் இவை இரண்டும் முற்றிலும் வேறான பரிவர்த்தனைகள்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, வணிகருக்கும் சேவை வழங்குவோருக்கும் எதிராக நுகர்வோருக்குக் கிடைத்த ஆயுதம். 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள இச்சட்டம், பழைய பொருளுக்குப் பொருந்தாது என்று எங்கும் கூறவில்லை. மாறாக, பழைய அல்லது புதுப்பிக்கப்பட்ட பொருளைப் புதியது என்று காட்டி விற்பதை நேர்மையற்ற வணிக நடவடிக்கை என்று 2ஆம் பிரிவின் 47ஆம் உட்பிரிவு வெளிப்படையாகக் குறிப்பிடுகிறது. நிறைவேற்றும் வாய்ப்பே இல்லாமல் பழுதுநீக்கித் தருவதாக அளிக்கும் வாக்குறுதியும் அதே வகையில் அடங்கும். தயாரிப்பாளரின் வாரண்டிக்கு அப்பால் விற்பனையாளர் தானே ஒரு வாரண்டி தந்திருந்து, பொருள் அதற்கேற்ப இல்லாமல் தீங்கு விளைந்தால் அவரே பொறுப்பாவார் என்கிறது 86ஆம் பிரிவு.

தனியார் ஒருவர் தம் சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்திருந்த கேரவனை விற்றால், பொதுவாக அவர் இச்சட்டத்தின் வணிகர் ஆகமாட்டார். அப்போது துணைக்கு வருவது 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டமும் உரிமையியல் நீதிமன்றமும்தான். அந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, தரத்தைப் பற்றி விற்பவர் சொல்லாத உத்தரவாதம் எதுவும் இல்லை என்றே தொடங்குகிறது. வாங்குபவர் தம் தேவையை எடுத்துக்கூறி, அத்தகைய பொருளை வழக்கமாக விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால் விதிவிலக்கு உண்டு. வாங்குபவர் பொருளைச் சோதித்துப் பார்த்திருந்தால், அச்சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்குப் பரிகாரம் இல்லை. ஈரக்கறையின் மேல் புதிதாகப் பெயின்ட் அடித்து மறைத்திருந்தால் கதை வேறு. தெரிந்தே மறைப்பது 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி மோசடியாகலாம். ஆனால் அதை மெய்ப்பிக்கும் சுமை வாங்கியவருடையது.

அந்த 1930ஆம் ஆண்டுச் சட்டம் 'நிபந்தனை' என்றும் 'உத்தரவாதம்' என்றும் இரண்டைப் பிரிக்கிறது. நிபந்தனை மீறப்பட்டால் பொருளைத் திருப்பித் தரலாம். உத்தரவாதம் மீறப்பட்டால் இழப்பீடு மட்டுமே கேட்கலாம். இந்த நுட்பம் வாங்குவோரில் பெரும்பாலோருக்குத் தெரிவதில்லை. விற்பனைச் சீட்டில் 'கூரையில் கசிவு இல்லை என்ற அடிப்படையில் வாங்கப்படுகிறது' என்ற ஒரு வரி இருப்பதும் இல்லாததும் பல லட்சம் ரூபாய் வேறுபாட்டை உண்டாக்கும்.

பழைய வாகன வணிகர்கள் அங்கீகாரம் பெற வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்யப்பட்ட திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளது. வண்டி தம் கைக்கு வந்ததைப் பதிவு அதிகாரிக்குத் தெரிவிப்பதும், அது எங்கே, எதற்காக ஓட்டப்பட்டது என்ற பதிவேட்டை வைத்திருப்பதும் வணிகரின் கடமை. வாரண்டி தர வேண்டும் என்று இவ்விதிகள் கட்டாயப்படுத்தவில்லை. ஆயினும் விற்றவர் வணிகரா இல்லையா என்ற வாதத்துக்கு முடிவுகட்ட அங்கீகாரச் சான்று ஒன்றே போதும். இடைத்தரகர் மூலம் வாங்கி, ரசீது தனியார் பெயரில் இருந்தால் அந்த வசதி கிட்டாது.

'இருக்கும் நிலையில்' என்ற வாசகம்

பழைய வண்டி விற்பனைச் சீட்டுகளில் 'இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில்' என்ற தொடர் தவறாமல் இடம்பெறும். இதில் கையெழுத்திட்டால் எல்லா உரிமையும் போய்விட்டது என்று விற்பவரும் நம்புகிறார், வாங்குபவரும் நம்புகிறார். முழுமையாக அப்படியல்ல. உட்கிடையான நிபந்தனைகளை உடன்பாட்டால் விலக்கலாம் என்று பொருள் விற்பனைச் சட்டம் கூறுவது உண்மை. ஆனால் அதே சீட்டில் ஆறு மாத வாரண்டி என்றும் எழுதப்பட்டிருந்தால் இரண்டும் முரண்படும். மோசடிக்கும் அந்தத் தொடர் கவசமாகாது. நியாயமற்ற ஒப்பந்த விதிகளைச் செல்லாதவை என்று அறிவிக்கும் அதிகாரத்தை 2019ஆம் ஆண்டுச் சட்டம் மாநில, தேசிய ஆணையங்களுக்கு அளித்துள்ளது. மாவட்ட ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லை.

வாடகைக்கு விட வாங்கினால்?

பீர்மேடு போன்ற சுற்றுலாப் பகுதியில் மிகுந்த கவனத்துக்குரிய கேள்வி இதுவே. வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார். சுயதொழில் மூலம் வாழ்வாதாரம் ஈட்டுவதற்கு மட்டுமே வாங்கியிருந்தால், அது வணிக நோக்கமாகக் கருதப்படாது.

இந்தக் கோடு எங்கே வரையப்படுகிறது என்பதை 1995ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் விளக்கியது. கோவையைச் சேர்ந்த பி.எஸ்.ஜி. தொழிற்கூடத்திடம் இயந்திரம் வாங்கிய லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் தொடர்ந்த வழக்கு அது. ஆட்டோ ரிக்‌ஷா வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர், அதையே முழுவதுமாகப் பிறர் ஓட்டுவதற்கென்று வாங்குபவர் நுகர்வோர் அல்லர் என்று நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொள்வதால் மட்டும் தகுதி போய்விடாது என்றும் கூறியது. வாங்கிய இயந்திரத்தின் தன்மையையும் மதிப்பையும் கருதி, அந்த வழக்கில் நிறுவனத்தை நுகர்வோராக ஏற்கவில்லை. பரிவர்த்தனையின் முதன்மை நோக்கம் என்ன என்பதையே பார்க்க வேண்டும் என்று 2019இல் லீலாவதி மருத்துவ அறக்கட்டளை தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் மீண்டும் வலியுறுத்தியது.

இதைக் கேரவனுக்குப் பொருத்திப் பார்க்கலாம். தேயிலைத் தோட்ட வேலையை விட்டு, சேமிப்பையும் கடனையும் போட்டு ஒரே ஒரு பழைய கேரவனை வாங்கி, தானே ஓட்டிப் பயணிகளை அழைத்துச் செல்பவர் நுகர்வோர் ஆணையத்தின் கதவைத் தட்டலாம். நான்கு கேரவன்களை வாங்கி ஓட்டுநர்களை நியமித்து நடத்தும் விடுதி உரிமையாளருக்கு அந்தக் கதவு பெரும்பாலும் மூடியிருக்கும். அவர் உரிமையியல் நீதிமன்றத்துக்கே செல்ல வேண்டும், கட்டணமும் காலமும் அங்கே வேறு. முதல் வகையினர் புகார் மனுவிலேயே இது தம் வாழ்வாதாரம் என்பதைத் தெளிவாக எழுத வேண்டும். எதிர்த்தரப்பு எழுப்பும் முதல் ஆட்சேபம் இதுவாகத்தான் இருக்கும்.

பழுதுநீக்கமா, பணமா?

வாரண்டி இருந்தும் வண்டியைத் திரும்பப் பெற நிறுவனம் மறுக்கிறது என்ற மனக்குறை பரவலானது. இதில் சட்டநிலை வாங்குவோருக்கு அவ்வளவு சாதகமாக இல்லை. 2006ஆம் ஆண்டு மாருதி உத்யோக் வழக்கில் உச்ச நீதிமன்றம், வாரண்டி குறைபாடுள்ள பாகத்தை மாற்றித் தருவதைக் குறிப்பதேயன்றி, காரையே மாற்றித் தருவதைக் குறிக்காது என்று தீர்ப்பளித்தது. முழு விலையும் வேண்டுமென்றால், உற்பத்தியிலேயே உள்ளார்ந்த குறை உண்டு என்பதை நிறுவ வேண்டும். 2010இல் ஃபியட் இந்தியா தொடர்பான வழக்கில், அந்தக் கேள்வியைச் சுதந்திரமான தொழில்நுட்ப நிபுணரின் ஆய்வுக்கு விடுவதை உச்ச நீதிமன்றம் ஏற்றது.

தயாரிப்பாளரையும் விற்பனையாளரையும் ஒருசேரப் பொறுப்பாக்க முடியுமா என்பதில் தீர்ப்புகள் வழக்கின் தன்மைக்கேற்ப அமைந்துள்ளன. 2004இல் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் வழக்கில் குறையுள்ள புதிய காருக்கு இருவரும் பொறுப்பு என்று நீதிமன்றம் கருதியது. 2021 பிப்ரவரியில் டாடா மோட்டார்ஸ் வழக்கில் நிலை மாறியது. 2009ஆம் ஆண்டு தயாரிக்கப்பட்டு ஏற்கெனவே 600 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருந்த காரைக் கோவாவில் ஒரு விற்பனை முகவர் புதியது என்று விற்றார். முகவரின் அந்தச் செயலுக்குத் தயாரிப்பாளரின் பங்கு நிறுவப்படாத நிலையில் அவரைப் பொறுப்பாக்க இயலாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. பழைய கேரவனில் இது இன்னும் கூர்மையாகப் பொருந்தும். விற்ற வணிகர் சொன்ன வாக்குறுதிக்கு, எங்கோ உள்ள சேசிஸ் நிறுவனம் கட்டுப்படாது.

மோட்டார் கேரவனாக மாற்றப்பட்ட வேன்களில் மற்றொரு பொறி உண்டு. பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கூறுகிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. மோட்டார் கேரவன்களுக்கென ஏ.ஐ.எஸ். 124 என்ற தனித் தரநிலையும் உண்டு. சாதாரண வேனாகப் பதிவாகி, உள்ளே படுக்கையும் சமையலறையும் பொருத்தப்பட்ட வண்டியில் சேசிஸ் வாரண்டியைக் கேட்டால், அனுமதியற்ற மாற்றம் என்ற ஒரே பதிலில் நிறுவனம் விலகிவிடும். ஆர்.சி.யில் உடல்வகை என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க ஒரு நிமிடம் போதும்.

உள்ளூர் மெக்கானிக் கைவைத்தால் வாரண்டி போய்விடுமா?

மலைப்பகுதியில் வண்டி நின்றுவிட்டால் அங்கீகரிக்கப்பட்ட பணிமனைக்காகக் காத்திருக்க முடியாது. குட்டிக்கானத்திலிருந்து முண்டக்கயம் நோக்கி இறங்கும் பாதையில் பிரேக் பழுதானால், வண்டிப்பெரியாற்றிலோ முண்டக்கயத்திலோ உள்ள பட்டறையையே நாட வேண்டியிருக்கும். பின்னர் நிறுவனம், வெளியாள் கைவைத்ததால் வாரண்டி ரத்து என்று கூறலாம்.

இந்தப் பொதுத் தடையை இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் கண்டித்தது. உதிரிபாகங்களையும் பழுதுநீக்க வசதியையும் தம் வட்டத்துக்குள்ளேயே வைத்திருந்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் தண்டம் விதித்த அந்த ஆணை, சுதந்திரப் பணிமனையில் பழுதுநீக்கினார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ரத்துசெய்யும் பொது நிபந்தனை கூடாது என்றது. தவறான பழுதுநீக்கத்தால் ஏற்பட்ட சேதத்துக்கு மட்டும் நிறுவனம் மறுக்கலாம். ஆணை மேல்முறையீடுகளுக்குச் சென்றது. கேரவன் பட்டறைகள் அந்த வழக்கில் தரப்பினரும் அல்லர். எனினும் ஆணையத்தின் முன் எடுத்துரைக்கத்தக்க தர்க்கம் அது.

அவசரப் பழுதுநீக்கம் தவிர்க்க முடியாததுதான். ஆனால் கழற்றிய பழைய பாகத்தை மெக்கானிக்கிடமே விட்டுவருவது வழக்கை விட்டுவருவதற்குச் சமம். படம் எடுத்து, நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் தெரிவித்து, பாகத்தை வைத்திருந்து, ரசீதில் பழுதின் தன்மையை எழுதி வாங்க வேண்டும். கசிவு போன்ற அவசரமற்ற குறைகளில் வண்டியை முழுவதும் சீர்செய்துவிட்டுப் பின்னர் வழக்குத் தொடுத்தால், நிபுணர் பார்க்க எதுவும் மிஞ்சாது. ஆய்வின்றித் தீர்மானிக்க முடியாத குறை என்றால் பொருளைத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பச் சட்டத்தின் 38ஆம் பிரிவு வழிசெய்கிறது.

திரும்பப் பெறும் அறிவிப்பு வேறு, வாரண்டி வேறு. பாதுகாப்புக் குறைக்காக வாகனங்களைத் திரும்பப் பெறும் ஏற்பாடு 110ஏ பிரிவாக மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்டு, 7 ஆண்டுக்கு உட்பட்ட வாகனங்களுக்கு 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. அது வண்டியைப் பற்றியது, எத்தனையாவது உரிமையாளர் என்பதைப் பற்றியதல்ல. அமெரிக்காவில் டொமெடிக் நிறுவனம் 2006இல் தீ அபாயம் காரணமாக, கேரவன்களில் பொருத்தப்பட்ட 9 லட்சத்துக்கும் அதிகமான குளிர்பதனப் பெட்டிகளைத் திரும்ப அழைத்தது நினைவுகூரத்தக்கது.

பிற நாடுகளில்

பழைய கார் விற்கும் முகவர்கள் வாரண்டி உண்டா இல்லையா என்பதைச் சன்னலில் ஒட்டிய படிவத்தில் காட்ட வேண்டும் என்று அமெரிக்காவில் 1985 முதல் விதி உண்டு. ஆனால் அவ்விதி எஞ்சின் உள்ள வாகனத்துக்கு மட்டுமே. கேரவன் தொழில் மிகப் பெரிதாக நடக்கும் அந்நாட்டிலேயே இழுவைக் கேரவன் அதற்கு வெளியே நிற்கிறது. பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் வணிகரிடம் வாங்கிய பழைய பொருளுக்கும் பொருந்தும். குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திருப்பித் தரலாம். ஆறு மாதத்துக்குள் தோன்றும் குறை விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். மெய்ப்பிக்கும் சுமை விற்றவர் தலைமேல் விழுகிறது. இந்தியச் சட்டத்தில் இல்லாத இந்த ஒரு விதி, பழைய கேரவன் வாங்குவோருக்கு வேறெதையும்விட அதிகம் உதவியிருக்கும்.

ஆஸ்திரேலியாவில் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் 2022இல் வெளியிட்ட அறிக்கையில், ஆய்வில் பங்கேற்ற புதிய கேரவன் உரிமையாளர்களில் 80 விழுக்காட்டினர் வண்டியில் சிக்கல் ஏற்பட்டதாகக் கூறியிருந்தனர். அதற்கு முன்பு ஜெய்கோ நிறுவனத்தின் மீது அந்த ஆணையம் தொடர்ந்த வழக்கில், குற்றச்சாட்டுகளில் பெரும்பகுதி நிலைக்கவில்லை. பணத்தைத் திரும்பப் பெறவோ மாற்று வண்டி கேட்கவோ உள்ள உரிமை குறித்து ஒரு வாடிக்கையாளருக்குத் தவறான தகவல் தந்ததற்காக 75,000 ஆஸ்திரேலிய டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. 

எங்கே, எப்படிப் புகார் செய்வது?

முதல் படி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழ் உள்ளிட்ட 17 மொழிகளில் இச்சேவை கிடைக்கிறது. இது வழக்கு அல்ல, நிறுவனத்துடன் சமரசத்துக்கான வாயில். பலன் இல்லையெனில் ஆணையத்தை நாடலாம். 2025 ஜனவரி 1 முதல் இ-ஜாக்ரிதி தளத்தில் இணையவழியிலும் புகார் பதியலாம்.

கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம், 2 கோடி வரை மாநில ஆணையம், அதற்கு மேல் தேசிய ஆணையம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் அளிக்க வேண்டும். பழுதுநீக்கித் தருகிறோம் என்று நிறுவனம் மாதக்கணக்கில் இழுத்தடிக்கும்போது இந்தக் காலம் ஓடிக்கொண்டே இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. மூன்று மாதத்தில், ஆய்வு தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டத்தின் சொல். நடைமுறையில் அது நீள்வது உண்டு.

எல்லைப்புற வாசகர்களுக்குப் பயன்படும் விதி ஒன்று உண்டு. பழைய சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் இடத்திலோ வழக்குக் காரணம் எழுந்த இடத்திலோதான் புகார் அளிக்க முடியும். 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, புகார்தாரர் வசிக்கும் இடத்திலும் அளிக்கலாம் என்று மாற்றியது. கம்பத்தில் வசிக்கும் ஒருவர் கொச்சியில் உள்ள வணிகரிடம் கேரவன் வாங்கியிருந்தால் தேனி மாவட்ட ஆணையத்திலேயே புகார் தரலாம். பீர்மேட்டில் வசிப்பவர் கோவையில் வாங்கியிருந்தால் இடுக்கி மாவட்ட ஆணையம் போதும்.

வண்டியையே மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுவந்தால், 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கும் நிலையில் புதிய பதிவு எண் பெற வேண்டும். பீர்மேடு பகுதிக்கு அது வண்டிப்பெரியாறு துணை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் கே.எல். 37 எண். அதற்குத் தேவையான தடையின்மைச் சான்றை, விற்றவர் ஊரில் உள்ள பதிவு அதிகாரியிடமிருந்து பணம் கைமாறுவதற்கு முன்பே பெற்றுவிடுவது நல்லது. பழுது குறித்துத் தகராறு முற்றிய பிறகு அதே விற்பனையாளரிடம் கையெழுத்து கேட்டு நிற்பது எளிதாக இராது.